கைகளைப் பிடித்து நிறுத்தாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகளுக்கு மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்கவில்லை என்று தஞ்சாவூரில் பரிசோதித்துச் சொன்னார்கள். காதுக்குக் கருவி போட்டிருக்கிறோம். குழந்தை கைகாட்டி எதையாவது கேட்டால் என் அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார். "சைகை பழகினால் பேச்சு வராது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும்" என்கிறார். இது சரியா?

ம., மன்னார்குடி

அன்புள்ள ம.,

சரியில்லை. அந்தக் கையை இன்றைக்கே விட்டுவிடச் சொல்லுங்கள்.

அம்மாவைக் கோபிக்க வேண்டாம். படித்தவர்கள் பரப்பிய நம்பிக்கை இது. 1880-இல் மிலானில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் வாய்ப்பேச்சுதான் வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. வந்திருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010-இல் கனடாவின் வான்கூவரில் அதே கல்வியாளர் மாநாடு கூடவேண்டியிருந்தது. இடையில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள்! நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

கண்ணாடி முன் நின்று குரல் எழுப்பாமல் 'பாடு' என்றும் 'மாடு' என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். தமிழ் நன்றாகத் தெரிந்தவர் இடம்பார்த்து ஊகித்துவிடுவார். தமிழே இன்னும் வந்து சேராத குழந்தை எதை வைத்து ஊகிக்கும்?

இங்கே கும்பகோணத்தில் எங்கள் தெருத் தையல்காரர் காது கேளாதவர், உதடு பார்ப்பதில் தேர்ந்தவர். வாசல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்று பேசினால் நம் முகம் அவருக்கு இருட்டு. தோளைத் தொட்டு நம்மைத் திருப்பி நிறுத்திய பிறகுதான் அளவைக் கேட்பார். அப்படியும் சந்தேகம் வந்தால் சாக்குக்கட்டியை நீட்டுவார். சிலர் கத்துகிறார்கள், கத்தும்போது வாய் கோணி, புரிந்ததும் புரியாமல் போகிறது.

கருவி ஒலியைக் கூட்டும். மூக்குக்கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவதுபோல் பேச்சு தெளிந்துவிடாது. ஆனாலும் கருவியையும் பேச்சுப் பயிற்சியையும் விடாதீர்கள். உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை பொருந்தும் என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். சிறுவயதில் செய்தால்தான் பலன் அதிகம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு.

பேச்சு வரும்வரை மொழியே இல்லாமல் குழந்தையைக் காக்கவைப்பதுதான் ஆபத்து. மொழி எளிதாக ஊன்றும் வயது இது. சைகை மொழி தனி இலக்கணம் உள்ள முழுமொழி. அதில் ஊன்றிய குழந்தைக்கு எழுத்து கற்பது எளிதாகும். சைகையால் பேச்சு கெடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதிக் காணொளிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அக்கம்பக்கத்தில் சைகையில் பேசும் பெரியவர்கள் இருந்தால் வீட்டுக்கு அழையுங்கள். காணொளியைவிட அவர்களிடம் குழந்தை வேகமாகக் கற்கும். பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவர் உங்கள் அம்மா என்றால் முதலில் அவர் கற்கட்டும். சோறு, தண்ணீர், வலிக்கிறது, வேண்டாம் என்று தொடங்கினால் போதும்.