அடுத்த செமஸ்டர் ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்

கேள்வி: கோவையை ஒட்டிய ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். ஆசிரியர் தினத்தன்று கொடுக்கும் 'சிறந்த ஆசிரியர்' விருதுக்கான தேர்வுக் குழுவில் இந்த வருடம் என்னையும் போட்டிருக்கிறார்கள். இதுவரை மாணவர் ஃபீட்பேக்கில் யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவருக்கே விருது. அப்படிப் பார்த்தால் கலகலப்பாகப் பாடம் நடத்தும் ஒரு சார்தான் முதலிடம். முதலாண்டுக்குக் கணிதம் எடுக்கும் ஒரு மேடம் கண்டிப்பானவர், பட்டியலில் நடுவில் நிற்கிறார். அவருக்காகத் துறைத்தலைவர்தான் விண்ணப்பம் கொடுத்தார். "மே மாசம் ரிட்டையர் ஆகறாருங்க, அவருக்கே குடுத்துரலாம்" என்று இன்னொருவருக்காகக் குழுவிலேயே பேச்சு வருகிறது. போதாததற்கு, விண்ணப்பித்தவர்களில் ஒருவர் என் முனைவர் பட்ட நெறியாளர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எப்படி நியாயமாகத் தேர்ந்தெடுப்பது?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: யாரையும் பகைத்துக்கொள்ளாமல் என்பது நடக்காதுங்க. விண்ணப்பித்தவர்களில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், மற்றவர்களுக்கு மனத்தாங்கல் இருக்கத்தான் செய்யும். நியாயமாகத் தேர்ந்தெடுப்பது நடக்கும்.

முதலில் ஃபீட்பேக். உங்கள் இடத்தில் அது எப்படி வாங்கப்படுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பல கல்லூரிகளில் அதை முடித்தால்தான் ஹால் டிக்கெட் இறங்கும். பையன் பஸ்ஸில் நின்றுகொண்டே இருபது கேள்விக்கும் 'மிக நன்று' என்று ஒரே வரிசையில் தட்டிவிட்டுப் போவான். கோபத்தில் இருந்தால் அதே வேகத்தில் 'மோசம்'. இந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, 4.71-க்கும் 4.64-க்கும் நடுவே ஒரு மனிதரின் தகுதியைத் தீர்மானிப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆன்லைன் வகுப்பை வைத்து 2015-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடம் எடுத்தார்கள். சில மாணவர்களிடம் மட்டும் இருவரின் பெயரையும் மாற்றிச் சொன்னார்கள். எடுத்தது யாராக இருந்தாலும், ஆண் என்று நம்பப்பட்டவருக்கே மதிப்பெண் கூடுதல். இருவரும் ஒரே நேரத்தில்தான் தாள்களைத் திருத்திக் கொடுத்தார்கள், ஆனாலும் 'சீக்கிரம் திருத்தித் தருகிறார்' என்ற கேள்வியில்கூட 'ஆண்' ஆசிரியருக்கே அதிகம். கண்டிப்பான சாரை 'ஸ்ட்ரிக்ட், ஆனா நல்லவர்' என்றும், கண்டிப்பான மேடத்தை 'சிடுசிடு' என்றும் நம்மூர் மாணவர்களும் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

சரி, அதற்காக மாணவர்களைக் கேட்கவே வேண்டாம் என்பதில்லை. நேரத்துக்கு வகுப்புக்கு வருகிறாரா, தாளைத் திருத்தித் தருகிறாரா, சந்தேகம் கேட்டால் அவமானப்படுத்துகிறாரா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் தேறாதவரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். முதலிடத்தை முடிவு செய்ய அதைப் பயன்படுத்தாதீர்கள்.

அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க விமானப்படை அகாடமியின் தரவுகளை வைத்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பது மாணவர் கையில் இல்லை, குலுக்கிப் போட்டது மாதிரி பிரித்துவிடுவார்கள். எல்லாப் பிரிவுக்கும் ஒரே தேர்வு. ஒப்பிட இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. முதல் கால்குலஸ் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுத்த ஆசிரியர்களுக்கு ஃபீட்பேக்கும் பிரமாதமாக இருந்தது. ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் அடுத்தடுத்த பாடங்களில் சறுக்கினார்கள். அனுபவமும் தகுதியும் கூடுதலாக இருந்த ஆசிரியர்களின் மாணவர்கள் முதலில் கொஞ்சம் குறைவாக எடுத்து, பின்னால் வந்த பாடங்களில் மேலே போனார்கள்.

உங்கள் குழு செய்ய வேண்டியதும் இதுதான். இந்த மேடத்திடம் கணிதம் ஒன்று படித்த பிரிவு, இரண்டாம் செமஸ்டர் கணிதத்தில் எப்படிச் செய்தது? வேறொருவரிடம் படித்த பிரிவில் அரியர் எத்தனை? தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எல்லாமே இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிரிவுகள் சமமானவையா என்பதையும் பாருங்கள். ஒன்றில் கவுன்சிலிங்கில் நல்ல கட்-ஆஃபோடு வந்தவர்கள், இன்னொன்றில் பாதிப் பேர் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, முதல் தடவையாக இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரிப்பவர்கள் என்றால் கணக்கே வேறு. கலகலப்பான சார் எடுப்பது இறுதியாண்டு விருப்பப் பாடமாக இருந்து, வகுப்பில் முப்பதே பேர் என்றால், முதலாண்டின் அறுபத்தைந்து பேரோடு அதை எதிரெதிரே வைக்கவே முடியாது.

எண்களோடு நிறுத்திவிடாமல், அடுத்த செமஸ்டர் ஆசிரியரையே உட்கார வைத்துக் கேளுங்கள். "இவங்ககிட்டப் படிச்ச பசங்க உங்ககிட்ட வரும்போது எப்படி வர்றாங்க?" அவர் பதிலைத் தேட மாட்டார். 'அவங்க கிளாஸ் பசங்களுக்கு ஃபார்முலா எங்கிருந்து வருதுன்னு தெரியும்' என்றோ, 'எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்து எடுக்க வேண்டியதா இருக்கு' என்றோ பட்டென்று சொல்வார்.

விண்ணப்பத்தோடு வரும் ஸ்பைரல் பைண்டிங் கட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பயிற்சி முகாம் சான்றிதழ், சால்வையோடு போட்டோ, ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரைகளின் பட்டியல், இவற்றில் வகுப்பறை எங்கே இருக்கிறது? ஆராய்ச்சிக்குத் தனி ஊக்கத்தொகை இருக்கும், அது அங்கேயே போகட்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் கடைசி மூன்று வருட இன்டர்னல் வினாத்தாள்களையும், அவர் திருத்திய ஒரு கட்டு விடைத்தாளையும் கேட்டு வாங்குங்கள். வினாத்தாளில் எண்கள் மட்டும் மாறியிருக்கிறதா, மாணவனை யோசிக்க வைக்கும் கேள்வி ஒன்றாவது இருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விடைத்தாளில் பக்கத்துக்குப் பக்கம் வெறும் டிக்கும் ஓரத்தில் 'ஆறு' என்ற மதிப்பெண்ணும் ஒரு வகை. மூன்றாவது வரியில் மைனஸ் குறி தொலைந்த இடத்தை வட்டமிட்டு, 'இங்கே வரை சரி, இதற்குப் பிறகு நீயே திரும்பப் போடு' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பது இன்னொரு வகை.

பழைய மாணவர்களையும் கேட்கலாம். ஆசிரியரே கொடுக்கும் பெயர்ப் பட்டியல் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு நிச்சயமாக வேண்டாம், அது தேர்தல் ஆகிவிடும். முடித்து மூன்று வருடம் ஆன பேட்ச்சிலிருந்து குருட்டாம்போக்கில் பத்துப் பேரை எடுத்துப் போன் போடுங்கள். இப்போது பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருப்பவனும், திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருப்பவளும் அன்றைய கோபத்தையும் சிரிப்பையும் மறந்து, நின்றது எது என்று சொல்வார்கள்.

இதை வைத்து அந்த மேடத்துக்குத்தான் விருது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கண்டிப்பு ஒரு தகுதியே அல்ல. பயமுறுத்தியே முப்பது வருடம் ஓட்டியவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. கலகலப்பான சாரின் மாணவர்கள் அடுத்த பாடத்திலும் நன்றாக இருந்தால் அவருக்கே கொடுங்கள்.

ஓய்வு பெறுபவருக்குத் தனியாக நல்ல விழா எடுங்கள், மாலை போடுங்கள், சாப்பாடு போடுங்கள். கற்பித்தலுக்கான விருதை வழியனுப்புப் பரிசாக்கினால் அடுத்த வருடம் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். 2023 முதல் மத்திய அரசின் தேசிய நல்லாசிரியர் விருது உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் உண்டு. உள்ளூர் விருதுக்கு மரியாதை இருந்தால்தான் அங்கே அனுப்பும்போதும் எடை இருக்கும்.

நெறியாளர் விஷயத்தில் யோசனையே வேண்டாம். குழுவின் முதல் கூட்டத்திலேயே சொல்லி, அதை மினிட்ஸில் எழுத வைத்து, குழுவிலிருந்து விலகி வேறொருவரைப் போடச் சொல்லுங்கள். அவருக்கு மட்டும் மார்க் போடாமல் மற்றவர்களுக்குப் போடுவதும் ஒருவகையில் அவருக்குப் போடுவதுதான். விலகும் முன், எதை எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் முடிவு செய்ய வையுங்கள். உறுப்பினர்கள் தனித்தனியாக மதிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகே பேச்சு ஆரம்பிக்கட்டும். இல்லாவிட்டால் மூத்தவர் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். 'நம்ம பக்கத்து ஆளு' என்று மேலிடத்திலிருந்து போன் வந்தாலும், எழுதிக் கொடுத்த தாள் ஃபைலில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். யாருமே தேறவில்லை என்றால் இந்த வருடம் விருது இல்லை என்று அறிவிக்கும் உரிமையையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

விருது கிடைக்காதவர்களுக்கு ஆளுக்கொரு கடிதம் போகட்டும். அவர் வகுப்பில் குழு கண்ட நல்லது ஒன்று, குறை ஒன்று, இரண்டும் குறிப்பாக இருக்க வேண்டும். அரியர் விவரங்களை ஜூலைக்குள் கேட்டுவிடுங்கள், ஆகஸ்ட் கடைசியில் போனால் அந்த அலுவலகத்தில் யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது.