ஆர்ச்சி மூரின் 17 வருடங்கள் – கடிதம்

வணக்கம் சார்,

ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயது. பாக்சிங் செய்கிறான், 80 கிலோ பிரிவு. அப்பா மிலிட்டரியில் இருந்தவர். சின்ன வயதில் கிளவுஸ் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். மாவட்ட அளவில் பலமுறை ஜெயித்திருக்கிறான், மாநிலப் போட்டியில் இரண்டு தடவை மெடல் வாங்கினான். அதற்கு மேல் போகவில்லை. இப்போது ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் வேலூர் போய் பயிற்சி எடுக்கிறான்.

வெளியூர்க்காரர் ஒருவர் அவனைப் புரொஃபஷனல் பாக்சிங்கில் இறக்கிவிடுவதாகச் சொல்கிறார். ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம், வேலையையும் விட்டுவிட்டு வரவேண்டுமாம். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, அழுதுகொண்டே இருக்கிறார். தம்பியோ அமெரிக்க பாக்சர் ஆர்ச்சி மூர் பற்றி நீங்கள் எழுதியதை எடுத்துக் காட்டுகிறான். அவர் 17 வருடம் காத்திருந்து நாற்பதை நெருங்கும்போது உலக சாம்பியன் ஆனாரே, நான் 26இல் எதற்கு விடவேண்டும் என்கிறான். காத்திருந்தால் கிடைக்கும் என்பது அவன் பேச்சு. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அனுப்புவதா, தடுப்பதா? பெயர் போட வேண்டாம்.

எம்., ஆற்காடு

அன்புள்ள எம்.,

தம்பியைத் தடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட விடாதீர்கள். இந்த இரண்டுக்குமான காரணம் மூரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. தம்பி அதில் ஒரு பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். மறுபாதியை அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், வாசித்துக் காட்டுங்கள்.

மூர் 1935இல் தொழில்முறை ரிங்குக்குள் வந்தார். 1952 டிசம்பர் 17 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் ஜோயி மாக்சிமை 15 ரவுண்டில் பாயிண்ட் கணக்கில் ஜெயித்து லைட் ஹெவிவெயிட் (ஏறக்குறைய 79 கிலோ வரையிலான பிரிவு) உலகப் பட்டத்தை எடுத்தார். தான் பிறந்தது 1916 என்பார் மூர், 1913 என்பார் அவருடைய அம்மா. யாரை நம்பினாலும் சரி, பட்டம் வாங்கிய வயது 36 அல்லது 39. இதுவரை தம்பி சொல்வது உண்மை.

ஆனால் அந்த 17 வருடமும் அவர் சும்மா காத்திருந்தார் என்று எடுத்துக்கொள்வது தவறு. நூறுக்கும் அதிகமான போட்டிகள் ஆடினார். முதல் பத்து வருடம் பெரும்பாலும் மிடில்வெயிட், அதாவது அதைவிடக் குறைந்த எடைப் பிரிவு. 1940இல் ஆஸ்திரேலியா வரை கப்பலில் போய் ஆடினார். 1941இல் வயிற்றுப்புண் வெடித்து, உயிர் போகும் நிலையில் அறுவைச் சிகிச்சை. அதிலிருந்து எழுந்து மறுபடி வந்தார். லைட் ஹெவிவெயிட்டில் 1941 முதல் கஸ் லெஸ்னெவிச், அப்புறம் பிரெட்டி மில்ஸ், அப்புறம் மாக்சிம் என்று பட்டம் கைமாறிக்கொண்டே இருந்தது. மூருக்கு மட்டும் வாய்ப்பு வரவில்லை. திறமை போதாததால் அல்ல. அவர் கறுப்பர், தோற்கடிப்பது கடினம், அவரோடு மோதினால் வருகிற பணமும் குறைவு. சாம்பியனின் மேனேஜர் யாராக இருந்தாலும் வேறு ஆளைத்தான் தேடுவார். இதைக் காத்திருப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனின் இருபதுகளையும் முப்பதுகளையும் பிறர் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

தம்பி இதை நம்ப மறுத்தால் சார்லி பர்லியைப் பற்றிச் சொல்லுங்கள். மூரின் காலத்தில் அமெரிக்காவில் ஒரு கூட்டம் கறுப்பு வீரர்கள் இருந்தார்கள். பர்லி, லாயிட் மார்ஷல், ஹோல்மன் வில்லியம்ஸ், எடி புக்கர், ஜாக் சேஸ். பெரிய இடத்து ஆட்கள் ஒதுக்கிவிட்டதால் இவர்கள் ஒருவரோடு ஒருவரே திரும்பத் திரும்ப மோதிக்கொண்டார்கள். 1944இல் பர்லி மூரைக் கீழே தள்ளி, பத்து ரவுண்டில் பாயிண்டில் ஜெயித்தார். தான் சந்தித்தவர்களிலேயே சிறந்தவர் பர்லி என்று மூரே பிற்காலத்தில் சொன்னார். அந்தப் பர்லிக்கு உலகப் பட்டப் போட்டி ஒன்றுகூட வாழ்நாளில் கிடைக்கவில்லை. பிட்ஸ்பர்க் நகரில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார். அவரும் மூரைப்போலவே உழைத்தவர், மூரைப்போலவே பொறுமையாக இருந்தவர். காத்திருந்தால் கிடைக்கும் என்றால் பர்லிக்கு ஏன் கிடைக்கவில்லை? தம்பி இந்தக் கேள்வியோடு ஓர் இரவாவது உட்கார வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்று இதற்கு மிகவும் பொருந்தும். சத்துவாச்சாரி சதீஷ்குமார் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளு தூக்குதல் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்டு ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். பளு தூக்குகிறவனுக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு. இரும்பு யாருக்கும் பயந்து ஒதுங்காது. 149 தூக்கினால் அது 149தான், எந்த ஊரில் தூக்கினாலும் எடை மாறாது. ஓட்டப்பந்தயமும் அப்படித்தான். குத்துச்சண்டையில் உன் எதிரே நிற்க இன்னொருவன் சம்மதிக்க வேண்டும். அமெச்சூர் போட்டியிலாவது சீட்டுப் போட்டு யாரோடு யார் என்று முடிவு செய்கிறார்கள், உன்னைத் தவிர்க்க யாராலும் முடியாது. தொழில்முறையில் அந்தச் சம்மதத்தை விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பல வருடம் வேலூரில் அமெச்சூர் ஆடியவருக்கு இந்த மாற்றம் புரியவே நாளாகும். குத்தின் வேகமோ ரவுண்டின் எண்ணிக்கையோ அவ்வளவு பெரிய மாற்றம் இல்லை.

அந்தச் சம்மதத்துக்கு மூர் என்ன விலை கொடுத்தார் என்று பாருங்கள். மாக்சிமுக்கு 1,00,000 டாலர் உறுதியாகக் கொடுத்தார்கள். ஜெயித்த மூருக்குக் கிடைத்தது 800 டாலர். அதோடு விடவில்லை. மாக்சிமின் மேனேஜர் ஜாக் கெர்ன்ஸ், இனி மூர் சம்பாதிப்பதிலும் தனக்குப் பங்கு வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். தோற்ற ஆளின் மேனேஜர் ஜெயித்த ஆளுக்கும் மேனேஜர் ஆகிவிட்டார். மூருக்கு வேறு வழி இல்லை, கையெழுத்துப் போட்டார். உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் ஐந்து வருட ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். மூருக்கு அந்தத் தாளின் மறுபக்கத்தில் உலகப் பட்டம் இருந்தது. தம்பிக்கு என்ன இருக்கிறது? வருடத்துக்கு எத்தனை போட்டி, ஒரு போட்டிக்கு எவ்வளவு பணம், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, நடுவில் விலக முடியுமா, இவை எழுத்தில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அவர் தம்பியின் ஐந்து வருடத்தை இலவசமாகக் கேட்கிறார்.

சரி, இவ்வளவும் நடந்த பிறகும் மூர் எப்படி நிலைத்தார்? இந்த இடம்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. அடி வாங்காமல் இருக்க அவர் கற்றுக்கொண்டார். 130க்கும் மேற்பட்ட போட்டிகளில் நாக் அவுட் செய்து ஜெயித்தவர். ஆனால் அவருடைய பழைய படச்சுருள்களைப் பார்த்தால் குத்தைவிடக் கைகள் நிற்கும் விதத்தைத்தான் கவனிக்கத் தோன்றும். முன்கைகள் இரண்டையும் முகத்துக்கு முன்னால் குறுக்காக மடித்துக்கொள்வார். வருகிற குத்து முழங்கையிலோ தோளிலோ பட்டுச் சரிந்துவிடும். அதற்குள்ளிருந்து எதிராளியின் தோள் எப்போது அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஓடமாட்டார், துள்ளமாட்டார், அரை அடி நகர்வார். அவ்வளவுதான். எதிராளி தவறவிட்ட குத்தின் பின்னாலேயே இவருடைய வலது கை போகும். 1955இல் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவை இரண்டாவது ரவுண்டில் தரையில் உட்கார வைத்தது அந்தக் கைதான். மார்சியானோ எழுந்து ஒன்பதாவது ரவுண்டில் மூரை முடித்தார் என்பது வேறு விஷயம். பிற்காலத்தில் ஜார்ஜ் ஃபோர்மன் வயதான பின் ரிங்குக்குத் திரும்பியபோது அவரிடமும் இந்தக் குறுக்குக் கை தெரிந்தது. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் மூரும் ஒருவர்.

தம்பியின் போட்டிகளில் ஏதாவது ஒன்றின் வீடியோவை எனக்கு அனுப்புங்கள். அவர் எத்தனை குத்து விட்டார் என்று நான் எண்ணப் போவதில்லை, தலையில் எத்தனை வாங்கினார் என்றுதான் எண்ணுவேன். மூன்று ரவுண்டு அமெச்சூர் போட்டியில் நான்கு வாங்கி ஐந்து கொடுத்தால் ஜெயித்துவிடலாம். தொழில்முறையில் ஆறு, எட்டு, பத்து ரவுண்டு என்று போகும்போது அந்தக் கணக்கு ஆளைக் கொன்றுவிடும். நம் ஊரில் வாங்கிக்கொண்டே முன்னேறுகிறவனைத்தான் கை தட்டிக் கொண்டாடுகிறோம். தைரியசாலி என்கிறோம். கோச்சுகளும் அதைத்தான் ரசிக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது.

மூரும் வாங்கியிருக்கிறார். 1958 டிசம்பர் 10, மான்ட்ரியாலில், இவான் டுரெல் என்ற கனடா மீனவர் முதல் ரவுண்டிலேயே அவரை மூன்று முறை வீழ்த்தினார். ஐந்தாவதில் நான்காம் முறை. மூர் எழுந்து நின்று, பதினொன்றாவது ரவுண்டில் டுரெலை நாக் அவுட் செய்தார். குத்துச்சண்டை ரசிகர்கள் இன்றும் உருகிப் பேசும் போட்டி. அன்று அந்த ரசிகர்கள் பார்த்தது ஒரு வயதான மனிதரின் மூளை நான்கு முறை மண்டையோட்டில் மோதியதையும்தான். தொடர்ந்து அடிபட்ட குத்துச்சண்டைக்காரர்களின் மூளைக் கோளாறு பற்றி 1928இலேயே மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதிவிட்டார். யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை.

இதில் வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவை டாக்டர் ஜேகப் சாண்டி 1949இல் தொடங்கியது உங்கள் சி.எம்.சி.யில்தான். ஆற்காட்டிலிருந்து ஒரு பஸ். முடிவெடுப்பதற்கு முன் தம்பியை அங்கே அழைத்துப் போய், இத்தனை வருடம் பாக்சிங் செய்கிறான் என்று சொல்லி, தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பயிற்சியில் ஸ்பேரிங், அதாவது சக வீரரோடு ஒத்திகைச் சண்டை போடும்போது வாங்கும் அடியையும் சேர்த்துச் சொல்லுங்கள், மேடையில் வாங்கியதைவிட அதுதான் அதிகம் இருக்கும்.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழில்முறையில் லைட் ஹெவிவெயிட் 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ 400 கிராம். கத்திரி வெயிலில் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு ஓடி, தண்ணீரைக் குறைத்து எடை காட்டுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றிய நிலையில் தலையில் வாங்கும் அடி ஆபத்தானது. தம்பி சாதாரண நாளில் 84, 85 கிலோ இருக்கிறார் என்றால் சில வாரங்கள் எடுத்துச் சாப்பாட்டில் குறைக்கட்டும், வேலூர் வெயிலில் வியர்த்துக் குறைக்க வேண்டாம்.

26 வயது தடையா என்றால், வயது மட்டுமே தடை இல்லை. விஜேந்தர் சிங் 2015இல் தொழில்முறைக்குப் போனபோது அவருக்கு 29. ஆனால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் வெண்கலம் அவர் கையில் இருந்தது, அதனால் அவரைத் தேடி வந்தார்கள். தம்பி பெயர் இல்லாமல் போகிறார். பெயர் இல்லாத திறமைசாலியைப் பெரும்பாலும் எதற்கு அழைப்பார்கள் தெரியுமா? தாங்கள் வளர்க்கும் ஆளின் வெற்றிக் கணக்கில் ஒன்று கூட்டுவதற்கு. இரண்டு நாள் முன்னால் போன் வரும், எதிராளி யாரென்று தெரியாது, வெளியூரில் போட்டி, உள்ளூர் ஆளுக்குத்தான் பாயிண்ட். அப்படி நான்கு தோல்வி சேர்ந்துவிட்டால் அப்புறம் அவருக்கு வேறு வேலையே கொடுக்க மாட்டார்கள்.

அதனால் தம்பிக்கு நான் சொல்வது இது. டேனரி வேலையை விடாமலே ஒரே ஒரு நான்கு ரவுண்டு போட்டிக்கு மட்டும் ஒப்புக்கொள்ளலாம். எதிராளி யார் என்று ஒரு மாதம் முன்பே தெரிய வேண்டும், அவர் ஆடிய வீடியோவைப் பார்க்க வேண்டும். அழைக்க வந்தவர் இதற்குச் சம்மதித்தால் அவர் நல்லவராக இருக்க வாய்ப்பு உண்டு. ஐந்து வருடமும் எழுதிக் கொடுத்தால்தான் முதல் போட்டியே என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். தம்பி கோபப்படுவார். பரவாயில்லை.

அம்மாவிடம் பாக்சிங்கை விடச்சொல்லி அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பா மாட்டிவிட்ட கிளவுஸ் அது, அழுது கழற்ற முடியாது. அழுகிற நேரத்தில் அவனிடம் எத்தனை அடி வாங்கினாய் என்று தினமும் கேட்கட்டும், ஷிப்டிலிருந்து வந்தாலும் பயிற்சியிலிருந்து வந்தாலும்.

ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்ததும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எனக்கும் அனுப்புங்கள். நான்கு ரவுண்டு போட்டி ஏதாவது முடிவானால் தேதியைச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.