மலாயாவுக்குப் போய்த் திரும்பி வராத பூட்டனைப் பற்றி எப்பிடித் தேடுறது?

நீங்கள் கேட்டிருக்கிறது இதுதான்: பூட்டன் வெள்ளைக்காரன் காலத்தில மலாயாவுக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வரேல்லை, பேரைத் தவிர வீட்டில ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை, எங்க தொடங்குறது எண்டு. எங்கட வீட்டிலயும் அச்சொட்டா இதே கதைதான், அதால நான் போன வழியைச் சொல்லுறன்.

எல்லாரும் முதல்ல மலாயாப் பக்கம்தான் தேடப் போவினம், நானும் ரெண்டு வருசம் அப்பிடித்தான் அலைஞ்சனான். தொடங்க வேண்டிய இடம் உங்கட ஊரில இருக்கிற காணி உறுதி, அதாவது காணி ஆருக்குச் சொந்தம் எண்டு எழுதின பத்திரம். ஏனெண்டால் அங்க அவர் ஆயிரம் கிளாக்கரில ஒருத்தர், இங்க அவர் ஒரு காணிக்குச் சொந்தக்காரர். காணிக்காரன்ர பேரை யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் லேசில அழிய விடமாட்டினம்.

எங்கட வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லோணும். அம்மம்மான்ர அப்பா, அவர்தான் என்ர பூட்டன், 1908 அளவில கோச்சி ஏறிப் போனவர் எண்டு சொல்லுவினம். அது சரியாத்தான் இருக்கோணும், காங்கேசந்துறையில இருந்து கொழும்புக்கு முழு றெயில் பாதையும் திறந்தது 1905 இல, அதுக்குப் பிறகுதான் எங்கட பெடியளுக்குக் கொழும்புத் துறைமுகம் கிட்டவா வந்தது, அங்கயிருந்து கப்பலில பினாங்கு. வீட்டில அவர் ‘ஸ்ரேசன் மாஸ்ரர்’. ஒருக்கா லீவில வந்து கலியாணம் கட்டி, பிள்ளை பிறக்க முதலே திரும்பிப் போயிட்டார், பிறகு கடிதமும் காசும் வந்துகொண்டிருந்தது, பிறகு எல்லாம் நிண்டு போச்சு, அங்க வேற குடும்பம் எடுத்திட்டார் எண்டு ஊர் கதைச்சது. பூட்டியை அம்மா கண்டிருக்கிறா. தபால்காரன்ர சைக்கிள் மணி கேட்டால் பூட்டி செய்யிற வேலையை விட்டிட்டுப் படலைக்கு வந்து நிப்பாவாம், 1950களிலயும் நிப்பாவாம். ஒருத்தரும் எழுதாத காலம் அது.

1995 இல சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில எங்கட றங்குப்பெட்டி போட்டுது, படம் கிடம் எல்லாம் அதோட சரி. மிஞ்சினது அம்மான்ர சீதன உறுதியின்ர போட்டோக் கொப்பி மட்டும், ஆரோ பாங்கில லோன் எடுக்கக் குடுத்து வைச்சதால தப்பினது. அதில ஒரு வசனம் கிடந்தது, நான் பத்துத் தரம் வாசிச்சும் கவனிக்கேல்லை: இந்தக் காணி தாயாருக்கு 1934ம் ஆண்டு இன்ன நொத்தாரிஸ் முடிச்ச இத்தினையாம் இலக்க நன்கொடை உறுதிப்படி வந்தது எண்டு. ஒவ்வொரு உறுதியும் தனக்கு முந்தின உறுதியைச் சொல்லும், அதைப் பிடிச்சுப் பின்னால பின்னால போகலாம். நொத்தாரிஸ்மார் தாங்கள் எழுதுற ஒவ்வொரு உறுதியிலயும் ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்போணும் எண்டது சட்டம், அதால வீட்டுப் பிரதி எரிஞ்சாலும் அங்க ஒண்டு இருக்கச் சான்ஸ் கூட. நொத்தாரிஸ்ன்ர பேர், இலக்கம், திகதி மூண்டும் இருந்தால் கேட்டு எடுக்கலாம். இலக்கம் தெரியாட்டிக் காணின்ர பேரையும் ஊரையும் வைச்சுத் தேடுவிக்கலாம், ஆனா நாள் எடுக்கும், பொறுமையா நாலைஞ்சு தரம் போங்கோ.

எங்களுக்கு அந்தக் காணி அம்மம்மான்ர மாமா, அதாவது பூட்டின்ர தமையன், குடுத்தது எண்டுதான் தெரியும். 1934 உறுதியில கையெழுத்தும் அவற்றதான். ஆனா மேல வாசிச்சால் அவர் அற்றோணி, இன்னொருத்தருக்குப் பதிலாக் கையெழுத்து வைச்சவர். குடுத்தது பூட்டன். ‘மலாயா நாட்டில் பேராக் மாகாணத்தில் கம்பார் என்னும் இடத்தில் வசிப்பவர்’ எழுதிக் குடுத்த அற்றோணித் தத்துவத்தின்படி, தன்ர தேப்பனிட்ட இருந்து வந்த முதுசக் காணி ஆறு பரப்பை, கிணறு, வான்பயிர் பயன்பயிர் எல்லாத்தோடயும், தான் கண்ணாலயே காணாத மகளுக்கு நன்கொடையா எழுதியிருக்கிறார். அந்தக் கொப்பியைப் பதிவக வாசலில நிண்டு வாசிச்சனான், கை நடுங்கினது.

இதுக்குப் பிறகு மலாயாப் பக்கம் தேடுறது சுகமாப் போச்சு, ஏனெண்டால் இப்ப கையில ஒரு ஊரும் ஒரு வருசமும் இருக்கு. பின்னணியையும் கொஞ்சம் தெரிஞ்சு வையுங்கோ. அங்க முதல் றெயில் பாதை 1885 இல தைப்பிங்கில இருந்து போர்ட் வெல்டுக்குப் போட்டது, அதுக்கே சிலோனில இருந்துதான் பாதை போடுற பயனியர் படையைக் கொண்டு போனவங்கள். 1901 இல பேராக், சிலாங்கூர் எல்லாம் சேர்ந்த கூட்டு மாநிலங்களுக்கு ஒரே றெயில்வே வந்தபோது அதுக்குப் பெரியவரா வந்த ஸ்பூனர் முதல் சிலோன் பொதுவேலைப் பகுதியில இருந்தவர். மிஷன் பள்ளிக்கூடங்களில இங்கிலீஷ் படிச்ச எங்கட பெடியள் றெயில்வே, திறைசேரி, சர்வே, ஆஸ்பத்திரி எண்டு நிறைஞ்சது இப்பிடித்தான்.

சிங்கப்பூர் தேசிய நூலகம் கனக்கப் பழைய பேப்பர்களை ஒன்லைனில போட்டிருக்கு, நியூஸ்பேப்பர்எஸ்ஜி எண்டு தேடுங்கோ, காசு இல்லை. ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் 1845 இல இருந்து இருக்கு, மலாயா ட்ரிபியூன் 1914 இல இருந்து. இடமாற்றம், பிரியாவிடை, கோயில் கூட்டம், மரணம் எல்லாம் ரெண்டு மூண்டு வரியில வரும். ஆனா பேரை ஒரு மாதிரி எழுதித் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். கந்தையாவை இங்கிலீஷ்ல கே போட்டும் எழுதுவாங்கள் சி போட்டும் எழுதுவாங்கள், சின்னத்தம்பிக்கு எஸ்ஸும் வரும் சி-எச்சும் வரும், வைத்திலிங்கத்துக்குச் சொல்லவே தேவையில்லை. முதலெழுத்து தேப்பன்ர பேர் எண்டதை மறக்காதேங்கோ, சில பேர் அங்க போய் தேப்பன்ர பேரையே குடும்பப் பேரா ஆக்கியிருப்பினம். வேதக்காரரா, அதாவது கிறிஸ்தவரா இருந்தால், அல்லது மிஷனில படிக்கேக்க பேர் வைச்சிருந்தால், அந்தப் பேரிலயும் தேடோணும். நான் பதினொரு விதமா எழுதித் தேடினனான், ஒன்பதாவதில கிடைச்சார். கம்பார் குட்ஸ் கிளாக்கர். ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லை.

கோலாலம்பூரில இருக்கிற ஆர்க்கிப் நெகாரா எண்ட தேசிய ஆவணக் காப்பகத்தின்ர கற்றலொக்கையும் ஒன்லைனில பாக்கலாம், சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளில லீவு கேட்ட விண்ணப்பங்கள் கூட இருக்கு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஸ்கொட் ரோட்டுக் கந்தசாமி கோயில் எங்கட ஆக்கள் கட்டினது, அங்கத்தைப் பழைய ஆக்களிட்டயும் விசாரியுங்கோ. இங்கால நூலகம் எண்ட இணையத்தளத்தில யாழ்ப்பாணத்துப் பேப்பரான இந்து சாதனத்தின்ர பழைய இதழுகளும், ஒருத்தர் செத்த முப்பத்தொண்டுக்கு அடிக்கிற கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகங்களும் கிடக்கு. கல்வெட்டை லேசா நினைக்காதேங்கோ, ஆர் ஆருக்கு மருமகன், ஆர் மலாயாவில இருந்தவர் எண்டு வேற எங்கயும் கிடைக்காத விபரம் அதிலதான் இருக்கும். உங்கட பூட்டன்ர சகோதரங்கள், மச்சான்மாரின்ர கல்வெட்டுகளையும் தேடுங்கோ.

கடைசியா எனக்குக் கிடைச்சது 1947 இல வந்த சொத்து நிர்வாக அறிவித்தல் ஒண்டு. 1944 இல கம்பாரில காலமானவர் எண்டு இருந்தது. அப்பதான் எனக்கு எல்லாம் பொருந்தினது. சிங்கப்பூர் ஜப்பான்காரனிட்ட விழுந்தது 1942 பெப்ரவரி 15, அதுக்குப் பிறகு 1945 செப்டெம்பர் மட்டும் அங்கயிருந்து ஒரு கடிதம், ஒரு மணிஓடர் சிலோனுக்கு வர வழியே இல்லை. அந்த மனிசன் எழுதாமல் விடேல்லை. எழுத ஏலாமல் போய், அப்பிடியே செத்தும் போனார். வேற குடும்பம் எண்ட கதையை எண்பது வருசமா நாங்கள் சொல்லித் திரிஞ்சிருக்கிறம், அதை நினைக்க எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்குது. உங்கட வீட்டிலயும் ‘விட்டிட்டுப் போனவர்’ எண்டு கதை இருந்தால் முதல் அந்தத் திகதிகளைப் பாருங்கோ.

உறுதியை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். அவவுக்கு இப்ப 78 வயசு, கண் சரியாத் தெரியாது. எல்லை எல்லாம் வாசிக்கேக்க, கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் காணி எண்டு சும்மா தலையாட்டிக் கொண்டிருந்தவ, ‘என் மகள் மேல் எனக்குள்ள அன்பு பட்சத்தை முன்னிட்டு’ எண்டு வந்த இடத்தில கையைப் பிடிச்சு நிப்பாட்டினா. நன்கொடை உறுதியில நொத்தாரிஸ்மார் வழமையா எழுதுற வசனம்தான் அது, எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். ‘தம்பி, அந்த வரியை இன்னொருக்கா வாசி’ எண்டா.