காக்கா ஏன் உங்க வீட்டுக்காரர் தலையில மட்டும் கொட்டுது?

கேள்வி: மதுரைல மாடி வீடு. ரெண்டு வருஷமா தினமும் காக்காவுக்கு சாதம் வைக்கிறேன், ஆனா நான் உள்ள போனாதான் வந்து சாப்பிடுது. இப்போ ஒரு வாரமா என் வீட்டுக்காரர் வாசல்ல கால் வச்சாலே தலையில வந்து கொட்டுது. மாமியார் சனி தோஷம், பரிகாரம் பண்ணணும்ங்கிறாங்க. இதுங்கள எப்படிங்க பழக்குறது?

பதில்: பரிகாரத்த அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல வாசல் பக்கம் இருக்குற மரத்த அண்ணாந்து பாருங்க. சித்திரை, வைகாசி நம்ம ஊர்ல காக்கா குஞ்சு பொரிக்கிற சீசன், குச்சியும் கம்பியுமா ஒரு கூடு இருக்கும், இல்லனா சரியா பறக்கத் தெரியாத குஞ்சு ஒண்ணு செடிக்குள்ள உக்காந்திருக்கும். உங்க வீட்டுக்காரர் பாவம்னு அதைத் தூக்கியிருக்காரா, இல்ல கிளைய வெட்டினாரான்னு கேட்டுப் பாருங்க, ஏன்னா ஒருத்தரை மட்டும் குறி வச்சு அடிக்குதுன்னா அநேகமா அந்த முகத்து மேல ஏதோ கணக்கு இருக்குன்னு அர்த்தம்.

முகம்னு சும்மா சொல்லல. 2006-ல அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல ஜான் மார்ஸ்லஃப்ங்கிற பேராசிரியரும் அவர் ஆளுங்களும் குகை மனுஷன் முகமூடிய மாட்டிக்கிட்டு 7 காக்காவ புடிச்சு, காலுக்கு வளையம் போட்டு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் யாரு அந்த முகமூடியோட நடந்தாலும் காக்காக்கள் கத்தித் தொரத்துச்சு, வருஷக்கணக்குல, அதுவும் புடிபடாத காக்காக்களும் சேர்ந்துக்கிட்டு! வேற முகமூடி போட்டவங்கள பெருசா கண்டுக்கல. அது அந்த ஊர் இனம்தான், ஆனா நம்ம சாம்பல் கழுத்துக் காக்கா இதுல ஒண்ணும் சளைச்சது இல்லன்னு நான் பல வீட்டுல பாத்துட்டேன்.

குஞ்சு நல்லா பறந்துட்டா இந்த அடி பெரும்பாலும் தானா அடங்கிடும். அதுவரைக்கும் குடை பிடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க. காக்கா பெரும்பாலும் பின்னாடி இருந்துதான் வரும், திரும்பி அதைப் பாத்தா பாதி நேரம் விலகிடும். குஞ்சு நாய், பூனைக்கு எட்டுற இடத்துல இருந்தா மட்டும் ஒரு துணியால அலுங்காம எடுத்து பக்கத்துக் கிளைல வச்சிட்டு நகந்துடணும், வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாது.

இப்ப உங்க விஷயம். ரெண்டு வருஷத்துல நீங்க செஞ்ச ஒரே தப்பு, வச்சவுடனே உள்ள போயிட்டதுதான்னு நினைக்கிறேன். அதே நேரம், அதே இடம், அதே மாதிரி "கா கா"ன்னு ஒரு குரல், அப்புறம் பத்தடி தள்ளி உக்காந்து அதைப் பாக்காம வேற வேலை பாருங்க. நேரா உத்துப் பாத்தீங்கன்னா அது சந்தேகப்படும், போனத் தூக்கிப் பிடிச்சா கேக்கவே வேணாம். வாரம் ஒரு அடி நெருங்குங்க, பறந்துட்டா மறுபடி பழைய தூரத்துக்கே போங்க. கையில இருந்து ஊட்டணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க, மனுஷனுக்கே பயப்படாத காக்கா அடுத்த தெருவுல எவன்கிட்டயாவது கல்லடி வாங்கும்.

உப்பு போடாத சாதம், அவிச்ச முட்டை, பச்சை வேர்க்கடலை போதும். மிக்சர், ஊறுகாய் ஒட்டின மிச்சச் சோறெல்லாம் வேணாம். அளவும் கொஞ்சமா, பத்து நிமிஷத்துல காலியாகுற மாதிரி, இல்லனா மிச்சத்துக்கு எலி வரும், பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. எங்கயாவது காக்கா செத்துக் கிடந்தா வெறுங்கையால தொடாதீங்க, 2021 ஜனவரில ராஜஸ்தான்லயும் மத்தியப் பிரதேசத்துலயும் பறவைக் காய்ச்சல்ல நிறைய காக்கா செத்துச்சு.

தண்ணிக் கிண்ணத்த தினமும் கழுவி மாத்துங்க, காஞ்ச ரொட்டி, எலும்புன்னு எங்கெங்கயோ இருந்து தூக்கிட்டு வந்து அதுல ஊறப்போட்டுத்தான் சாப்பிடும். மாடில தண்ணி டேங்க் மூடிய இன்னைக்கே இறுக்கி மூடிடுங்க. கோழி எலும்பு உள்ள விழுந்தப்புறம் எனக்கு மெயில் போட்டவங்க நிறைய பேரு.