சட்டத்துல ஃப்ரீ, கவுன்டர்ல பில்லு!

கேள்வி: என்கூட மில்லுல வேலை பாக்குற பொண்ணுக்கு பாலியல் வன்கொடுமை நடந்துருச்சு மேடம். ராத்திரி தனியார் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனா, மொதல்ல போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்கன்னு அலைய விட்டு, அப்புறம் பாத்துட்டு பில்லையும் நீட்டிட்டாங்க. இதுக்குன்னு நிர்பயா நிதி இருக்காமே, அந்தக் காசெல்லாம் எங்க போகுது?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அந்த பில்லை கிழிச்சுப் போட்டுறாதீங்கம்மா, அதுதான் சாட்சி. பிஎன்எஸ்எஸ்னு சொல்ற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 397-வது பிரிவுப்படி அரசோ தனியாரோ எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் உடனே இலவசமா பாக்கணும், போலீஸுக்கு தகவல் சொல்றதும் அவங்க வேலை, உங்க வேலை இல்ல. பாக்க மாட்டேன்னா பொறுப்புல இருக்கறவருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில். எச்ஐவி தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், குடுத்தாங்களான்னு கேளுங்க, இல்லன்னா இப்பவே ஜிஹெச் போங்க.

நிதிக்கு வரேன். 2012 டெல்லி சம்பவத்துக்கு அப்புறம் 2013 பட்ஜெட்ல ப.சிதம்பரம் 1,000 கோடி போட்டு ஆரம்பிச்சது. அதுலருந்து சென்னை உட்பட 8 சிட்டிக்கு 'சேஃப் சிட்டி' திட்டம், ரயில்வே ஸ்டேஷன்ல கேமரா, இப்படி நிறைய போச்சு. கேமரா வேணாம்னு சொல்லல, ஆனா ராத்திரி பதறிப்போய் வர்ற பொண்ணு பக்கத்துல கேமரா உக்காந்து பேசாதுல்ல? 2015-ல இதே நிதியில தொடங்குன 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம்தான் என்னைக் கேட்டா உருப்படியான செலவு. கவுன்சலிங், வக்கீல் உதவி, போலீஸ்கிட்ட கூட வர ஆள், 5 நாள் வரை தங்க எடம் எல்லாம் ஒரே கூரைக்குள்ள, அதுவும் எஃப்ஐஆர் இல்லாமலே போலாம். ஆனா அங்க ஆள் எடுக்குற நோட்டீஸை படிச்சுப் பாருங்க, 'முற்றிலும் தற்காலிகம், தொகுப்பூதியம்'னு இருக்கும். வேலை நிக்குமான்னே தெரியாத கவுன்சலர்கிட்ட மத்தவங்க பாரத்தையும் சேத்து சுமக்கச் சொல்றோம், பணம் போக வேண்டியது அங்கதான்.

நஷ்டஈடு தனி. நல்சா, அதாவது தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவோட 2018 திட்டப்படி பாலியல் வன்புணர்வுக்கு குறைஞ்சது 4 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். குத்தவாளி ஆள் யாருன்னே தெரியலைன்னாலும் மனு போடலாம், கேஸ் விடுதலைல முடிஞ்சாலும் கோர்ட் பரிந்துரைக்கலாம். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 18 வயசு முடிஞ்ச பொண்ணுன்னா 25 சதவீதம்தான் கைக்கு வரும், மிச்சம் மூணு வருஷத்துக்காவது டெபாசிட்ல கிடக்கும். இதுக்கு மட்டும் எஃப்ஐஆர் நகலோ புகார் நகலோ வேணும். அவசரம்னா இடைக்கால நிவாரணம் வேணும்னு மனுவுலயே எழுதுங்க.

இப்போதைக்கு பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போடுங்க, ஆனா அந்தப் பொண்ணு சரின்னு சொன்ன அப்புறம். நஷ்டஈடு மனுவை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல குடுங்க, வக்கீலும் அங்கயே ஃப்ரீ. சீல் போட்ட நகல் கைக்கு வராம கெளம்பிறாதீங்க.