பஞ்சு அடைத்த கண்ணுக்கு என்ன நிறம்?

கேள்வி: எங்கள் பாடசாலை நூலகச் சுவரில் நூறு வருடத்துக்கும் முந்திய பறவைப் படங்களின் பிரதிகள் தொங்குகின்றன. எல்லாம் பாடம் செய்த பறவைகளைப் பார்த்துக் கீறியவையாம். உயிரோடு காணாமல் கீறியது பொய்தானே? கழற்றிவிட்டுக் கமராப் படங்களை மாட்டினால் என்ன?
- ஓர் ஆசிரியர், கல்முனை

பதில்: செத்ததைப் பார்த்துக் கீறினால் பொய் என்றால், உங்கள் ஆய்வுகூடத்துப் போத்தலுக்குள் கிடக்கும் தவளையையும் தூக்கிப் போட வேண்டி வரும், சேர்.

இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெரிய நூலை 1878 தொடக்கம் 1880 வரை வெளியிட்டவர் வின்சென்ட் லெக் என்ற பீரங்கிப் படை அதிகாரி. அதற்குப் படம் கீறிய கியூலமன்ஸ், லண்டனில் குடியேறிய ஒல்லாந்தர். அக்காலத்தில் ஓவியர் மேசைக்கு வந்தவை தோல்கள்தான்: சதையை எடுத்து, உட்புறம் ஆர்சனிக் சவர்க்காரம் பூசி, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டிய தோல்கள். கண் இருந்த இடத்திலும் பஞ்சு. ஆனால் அலகின் நீளத்தை அளக்கலாம், சிறகின் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்த விஷயங்களில் இவர்களிடம் பிழை பிடிக்க நீங்கள் நன்றாக மினக்கெட வேண்டும். மீன்கொத்தியின் நீலம்கூடத் தோலில் அப்படியே நிற்கும். அது சாயமல்ல, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது.

வம்பெல்லாம் இறகில்லாத இடத்தில். மஞ்சள் மூக்கு நாரையின் முகத்தைப் பாருங்கள். கூடு கட்டும் காலத்தில் செம்மஞ்சளாய்ச் சிவந்திருக்கும் அந்த வெறுந்தோல், செத்ததும் காய்ந்து மங்கிவிடும். காலும் கண்ணும் அப்படித்தான். இது தெரிந்துதான் லெக் கண், அலகு, கால் நிறங்களைத் தனியே எழுதி வைத்தார். எழுத ஆளில்லாத இடத்தில் நடந்தது கூத்து: நியூகினியிலிருந்து காலை வெட்டிய தோலாக வந்த சொர்க்கப் பறவைக்குக் காலே கிடையாது, அது தரையில் இறங்குவதே இல்லை என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள்.

அப்புறம், நிற்கும் தோரணை. நீர்க்காகம் எப்படிச் சிறகு காயப்போடும் என்று மட்டக்களப்பு வாவியில் வலை வீசும் ஒருவரைக் கேளுங்கள், உடனே செய்து காட்டுவார். லண்டன் மேசையில் கிடந்த தோல் அதைச் சொல்லாது. அங்கே ஓவியர் ஊகித்தார். சில பறவைகள் மரக்கட்டை போல நிற்பது அதனால்தான்.

கமராப் படத்தை மாட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அது ஒரு பறவை, ஒரு வெயில், ஒரு கணம். ஆணும் பெண்ணும் குஞ்சும் அருகருகே நின்று வித்தியாசம் காட்டுவதற்குக் கீறிய படம்தான் வசதி. இன்றைக்கும் பல பறவைக் கையேடுகள் கீறிய படங்களோடு வருவது சும்மா இல்லை.

யார், எப்போது, எதைப் பார்த்துக் கீறினார் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். கூடு கட்டும் காலத்தில் பிள்ளைகளைக் குமண தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். நாரையின் முகத்தையும் காலையும் நேரில் பார்த்துவிட்டு, படத்தில் பிழை இருந்தால் அந்தச் சீட்டில் அவர்களே எழுதட்டும். சரி, சுவரில் இடம் போதாவிட்டால், பரிசளிப்பு விழா அதிதிகள் மாலையோடு நிற்கும் படங்களைக் கழற்றுங்கள்.