தாங்கும் கால் திரும்ப வேண்டும்: கொரியப் போர்க்கலைகள் குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முழங்கால் வலியைப் பற்றியவை. எஞ்சியவற்றில் பெரும்பகுதி வரலாற்றைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டேக்வாண்டோ, ஹாப்கிடோ இரண்டில் எது சிறந்தது?

பதில்: எதற்குச் சிறந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை, உங்கள் வயதையும் எழுதவில்லை. டேக்வாண்டோவில் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி உதைகளுக்குச் செல்கிறது. ஹாப்கிடோவில் மணிக்கட்டுப் பூட்டு, முழங்கைப் பூட்டு, எறிதல், அடிபடாமல் விழுதல் ஆகியவற்றுக்குச் செல்கிறது. உங்கள் ஊரில் எதற்கு நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ அதில் சேருங்கள்.

கேள்வி: தொல்யோ சாகி (இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டிலிருந்து வீசும் வட்ட உதை) பழகத் தொடங்கியதிலிருந்து முழங்கால் வலிக்கிறது. என்ன தைலம் தடவலாம்?

பதில்: எந்தக் கால் என்பதை இதைக் கேட்டவர்களில் ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை. உதைக்கும் காலா, தாங்கி நிற்கும் காலா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. என் வகுப்பில் கண்டவரை, பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வலி தாங்கும் காலில்தான் வருகிறது. காரணமும் ஒன்றே. தொல்யோ சாகியில் இடுப்பு முழுவதுமாகத் திரும்புகிறது. அதனோடு தொடை எலும்பும் திரும்புகிறது. ஆனால் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு முன்னோக்கியே நின்றுவிட்டால், கீழ்க்கால் அசையாமல் மேற்கால் மட்டும் முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கு முழுவதையும் வாங்கிக்கொள்வது நடுவிலிருக்கும் முழங்கால் மூட்டின் குருத்தெலும்பும் உட்புறத் தசைநாரும் ஆகும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். உதைக்கும் காலின் முழங்காலை உயர்த்துங்கள். உதையை நீட்டுவதற்கு முன்பே தாங்கும் காலின் குதிகாலை ஒரு விரற்கடை அளவு தூக்கி, முன்பாதத்தின் மேல் சுழலுங்கள். உதை இலக்கைத் தொடும் கணத்தில் உங்கள் குதிகால் இலக்கை நோக்கியிருக்க வேண்டும். கீழே குனிந்து பார்த்து இதைச் சரிபாருங்கள். பெரும்பாலோருக்குக் குதிகால் பாதி வழியிலேயே நின்றிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்குப் பத்து முறை மெதுவாகச் செய்தால் போதும். வீக்கம் இருந்தாலோ, மடக்கும்போது மூட்டு சிக்கிக்கொள்வது போலிருந்தாலோ, தைலத்தை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தாங்கும் கால் திரும்பாமல் உதைக்காதீர்கள்.

கேள்வி: டேக்வாண்டோ 2000 ஆண்டுப் பழமையானது, பழங்காலக் கொரியாவின் ஹ்வாராங் வீரர்கள் பயின்றது என்று எங்கள் மாஸ்டர் சொல்கிறார். அது கராத்தேயிலிருந்து வந்தது என்று என் நண்பர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பெருமளவு சரி. இந்த 2000 ஆண்டுக் கதையைப் பற்றி நான் எழுதாத ஆண்டே இல்லை, இவ்வாண்டும் எழுதுகிறேன்.

முதலில் சான்றாகக் காட்டப்படுபவற்றைப் பார்ப்போம். பண்டைய கொரிய அரசான கோகுர்யோவின் காலத்து முயோங்சோங் கல்லறையின் சுவரோவியத்தில் இரண்டு ஆண்கள் கைகளை நீட்டியபடி எதிரெதிரே நிற்கிறார்கள். அவர்கள் பொருதுகிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஓவியத்திலிருந்து இன்றைய பூம்சேக்கு (தனியே செய்யும் அசைவு வரிசை) வரும் ஆசிரியர்-மாணவர் வரிசை எதுவும் எங்கும் பதிவாகவில்லை. கியோங்ஜுவுக்கு அருகே, 8ஆம் நூற்றாண்டில் எழுந்த சோக்குராம் குகைக் கோயிலில் உள்ள காவல் வீரர் சிற்பங்களின் கை நிலையைத் தடுப்புமுறை என்று காட்டுவார்கள். பௌத்தக் கோயில்களின் துவாரபாலகர்கள் சீனத்திலும் ஜப்பானிலும் அதே மிரட்டும் தோரணையில்தான் நிற்கிறார்கள். ஹ்வாராங் இளைஞர்களைப் பற்றி 1145இல் தொகுக்கப்பட்ட சம்குக் சாகி என்ற வரலாற்று நூல் என்ன சொல்கிறது என்று படித்துப் பாருங்கள்: அவர்கள் ஒருவரையொருவர் அறநெறியில் செம்மைப்படுத்தினார்கள், பாட்டிலும் இசையிலும் மகிழ்ந்தார்கள், மலைகளையும் ஆறுகளையும் நாடித் தொலைதூரம் சென்றார்கள் என்கிறது. அவர்களுள் பலர் போர்க்களம் கண்டவர்கள் என்பதும் உண்மை. அவர்கள் எப்படி உதைத்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

இனி, ஆண்டும் பெயரும் உள்ள வரலாற்றுக்கு வருவோம். ஜப்பானில் படித்து, ஃபுனகோஷி கிச்சினிடம் கராத்தே கற்றுத் திரும்பிய லீ வோன்குக் 1944இல் தலைநகர் சோலில் சுங் தோ குவான் என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். சோங் மூ குவானை நிறுவிய ரோ பியோங்ஜிக்கும் ஃபுனகோஷியின் மாணவரே. யூன் பியோங்இன் மஞ்சூரியாவில் சீன முறையையும் ஜப்பானில் கராத்தேயையும் கற்றவர். 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்த பின்பு இத்தகைய குவான்கள் பெருகின. அவற்றில் கற்பிக்கப்பட்ட கலையின் பெயர்களுள் ஒன்று தாங் சூ தோ, அதாவது 'கராத்தே' என்பதை முன்பு எழுதி வந்த அதே சீன எழுத்துகளின் கொரிய உச்சரிப்பு. அங்கே பழகப்பட்ட பியோங்ஆன் வரிசை ஜப்பானியர் ஹெய்ஆன் என்று அழைக்கும் காத்தாதான் (கராத்தேயின் அசைவு வரிசை). 'டேக்வாண்டோ' என்ற பெயரே 1955இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. பழைய தேக்கியோன் விளையாட்டின் பெயரை நினைவூட்டும் ஓசை அதற்கு இருந்ததும் ஒரு காரணம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் அடிமைப்பட்டிருந்த ஒரு நாடு, தன் தேசியக் கலை தன்னை அடக்கி ஆண்ட நாட்டிடமிருந்து வந்தது என்று சொல்லக் கூசியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் கொரியர்கள் உண்மையிலேயே செய்து முடித்தவற்றை இந்தக் கதை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். கை ஆதிக்கம் செலுத்திய ஒரு கலையைக் கால்களின் கலையாக மாற்றியது, மார்புக் கவசம் அணிந்து முழு விசையுடன் பொருதும் போட்டி முறையை வளர்த்தது, தேகுக் என்ற பூம்சே வரிசைகளைப் புதிதாக அமைத்தது, 1972இல் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோனைக் கட்டியது, 1973இல் சோலில் முதல் உலகப் போட்டியை நடத்தியது, 2000இல் சிட்னியில் ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக்கியது எல்லாம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு உழைப்பு. அந்த ஐம்பது ஆண்டுகளில் வியர்வை சிந்திய மனிதர்களை ஒதுக்கிவிட்டு, முகமறியாத கல்லறை ஓவியத்துக்கு மாலையிடுகிறோம்.

நானும் முதல் பத்தாண்டுகள் இதையே சொல்லிக்கொடுத்தேன். பெல்ட் தேர்வின் எழுத்துத் தாளில் "டேக்வாண்டோவின் வயது என்ன?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தோம். ஒரு பையன் "பெயருக்கு 40, கதைக்கு 2000" என்று எழுதியிருந்தான். அவனுக்கு நான் மதிப்பெண் குறைத்தேன். அந்தத் தாளை நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் உறுத்துகிறது. யார் எந்தப் பழமையைச் சொன்னாலும் ஆண்டைக் கேளுங்கள். எந்த நூலில், எந்த ஆண்டில் என்று கேளுங்கள்.

கேள்வி: முயே தோபோ தோங்ஜியில் டேக்வாண்டோ இருக்கிறதா?

பதில்: இல்லை. அது 1790இல் ஜோங்ஜோ மன்னரின் ஆணைப்படி யீ தோக்மு, பாக் ஜேகா, பேக் தோங்சு ஆகிய மூவர் தொகுத்த படைப் பயிற்சி நூல். அதிலுள்ள 24 பிரிவுகளில் 18 தரையில் நின்று செய்பவை, 6 குதிரையின் மேல் செய்பவை. வெறுங்கைக்கு உரியது குவோன்பொப் என்ற ஒரே ஒரு பிரிவு. அதுவும் சீனத் தளபதி சீ ஜிகுவாங்கின் நூலைப் பெரிதும் சார்ந்தது. முந்தைய பதிலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. ஜப்பானிய வாள்முறைக்கு இந்த நூல் தனிப் பிரிவு ஒதுக்கி, அதை ஜப்பானிய வாள் என்றே தலைப்பிட்டு, அதைக் கற்றுவந்த கிம் சேகோன் என்ற கொரிய வீரரின் பெயரையும் பதிவு செய்திருக்கிறது. 1592இல் ஜப்பான் படையெடுத்த இம்ஜின் போரின் காயம் ஆறாத நாட்டின் அரசவை நூல் அது. எதிரியிடமிருந்து வந்ததை எதிரியின் பெயராலேயே எழுத அவர்கள் தயங்கவில்லை.

கேள்வி: காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் கொரியக் கலைகளுக்கும் மூலவர் என்று பெருமையாகச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். ஆண்டைக் கேளுங்கள். போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் 547ஐ ஒட்டியது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அவருடைய சீடராகச் சொல்லப்படும் தான்லின் எழுதியது அவரைத் தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சிபுரத்தோடு அவரை இணைப்பது இந்த வழியில் பிற்காலத்தில் வளர்ந்த மரபு. அந்த இரண்டு பழைய நூல்களிலும் போர்க்கலையைப் பற்றிய பேச்சே இல்லை. அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தியான மரபில் அவருக்கு உள்ள இடமே மிகப் பெரிது; அங்கே அவரை வணங்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. ஒன்றரை ஆண்டில் பிளாக் பெல்ட் தருவதாகச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: குக்கிவோன் முறைப்படி 15 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு 'தான்' என்ற பிளாக் பெல்ட் படிநிலை கிடையாது, 'பூம்' என்ற சிறுவர் படிநிலை மட்டுமே உண்டு, அதன் பெல்ட் சிவப்பும் கறுப்பும் கலந்தது. முதல் 'தான்' நிலையிலிருந்து இரண்டாவதற்கு 1 ஆண்டு, மூன்றாவதற்கு மேலும் 2, நான்காவதற்கு மேலும் 3 என்று காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். ஒன்பதாவது வரை செல்ல ஏறக்குறைய 40 ஆண்டுகள். மகனைச் சேருங்கள், பெல்ட்டுக்குத் தேதி குறித்துத் தரும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: காணொளிகளைப் பார்த்து தேக்கியோன் கற்க முடியுமா?

பதில்: பூம்பால்கி என்ற அடிப்படை நடையை மட்டும் தொடங்கலாம். மூன்று புள்ளிகளைத் தரையில் முக்கோணமாகக் குறித்துக்கொண்டு, முன் புள்ளியில் ஒரு காலை வைத்து, முழங்காலை நெகிழ்த்தி, இடுப்பை முன்னே தள்ளி, மீண்டும் பின்னே எடுத்து, மறு காலால் அதையே செய்ய வேண்டும். மூன்று தட்டில் வரும் தாளம் உடலில் ஊறும்வரை உதைக்குப் போகக் கூடாது. எதிராளியின் காலைத் தட்டி விழச் செய்வது, தள்ளி உதைப்பது ஆகியவற்றைத் தனியே கற்க வழியில்லை. எதிரே ஒருவர் வேண்டும்.

டேக்வாண்டோவை விட்டுப் பழைய கொரியக் கலையைத் தேடுபவர்கள் வர வேண்டிய இடம் இதுதான். 1893இல் பிறந்த சோங் தோக்கி என்ற ஒரு முதியவரின் உடல் நினைவில்தான் இது ஜப்பானிய ஆட்சிக் காலத்தைக் கடந்து வந்தது. 1983இல் கொரிய அரசு இதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 1987இல் அவர் மறைந்தார். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கேள்வி: ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு), வேர்ல்டு டேக்வாண்டோ என்ற இரண்டு அமைப்புகளில் எது அசல்?

பதில்: இரண்டும் அசல்தான். முன்னது 1966இல் சோய் ஹோங் ஹீ தொடங்கியது. அவர் 1972இல் கனடாவுக்குச் சென்றார். பின்னது 1973இல் சோலில் தொடங்கியது. ஒலிம்பிக் விருப்பமிருந்தால் பின்னதில் சேருங்கள். பின்னதன் பூம்சேயையும் முன்னதில் துல் எனப்படும் அசைவு வரிசைகளையும் ஒரே மாதத்தில் கலந்து கற்காதீர்கள்.

கேள்வி: திரும்பி உதைத்துத் தலையைத் தொட்டால் எத்தனை புள்ளி?

பதில்: வேர்ல்டு டேக்வாண்டோ போட்டியில் 5, மார்புக் கவசமென்றால் 4.

கேள்வி: கொரிய வில்வித்தையில் இலக்கு 145 மீட்டர் தொலைவில் இருப்பதாகப் படித்தேன். தொடக்கத்திலேயே கனமான வில் வாங்கலாமா?

பதில்: தூரம் சரி, ஒரு சுற்றுக்கு 5 அம்புகள். கனமான வில் வேண்டாம். நாணைப் பெருவிரலால் இழுக்கும் முறை இது; அதற்கென்று கொக்கிபோன்ற விரலணி உண்டு. முதல் சில மாதங்கள் பெருவிரல் மூட்டு பழகுவதற்கே போய்விடும். எருமைக் கொம்பு, மூங்கில், நரம்பு, மீன்பசை கொண்டு செய்யும் காக்குங் வில் ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். கண்ணாடியிழை வில்லே தொடக்கத்துக்குப் போதும்.

கேள்வி: வகுப்பு இல்லாத நாட்களில் மொட்டை மாடியில் வெறுங்காலுடன் உதை பழகலாமா?

பதில்: பூம்சே பழகலாம். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் முன்பாதம் வழுக்கிச் சுழலாது. தோல் பிடித்துக்கொள்ளும், முறுக்கு மேலே ஏறும். முழங்கால் வலி பற்றி எழுதியவர்களில் நான்கு பேர் மாடியில் பழகுபவர்கள். அடிப்புறம் தேய்ந்து வழவழப்பான மெல்லிய கான்வாஸ் காலணி அணிந்து, பழைய விரிப்பல்லாமல் இழுபடாத பயிற்சிப் பாயைப் போட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்துச் செய்யுங்கள். பாயின் மேலும், ஒவ்வோர் உதைக்கும் குதிகால் எங்கே நிற்கிறது என்று குனிந்து பாருங்கள்.